அரசாங்க மானியமும் ஊரார் தொண்டும்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் ஆலயத்திற்குச் செல்பவர்கள் எல்லோரும் இராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். உள்ளே உள்ள கற்சுவர்களின் அருகே நின்று பார்ப்பவர்கள் சிலரே. அச்சுவர்களில் சோழர் காலந்தொட்டு வெட்டப்பட்ட சாசனங்கள் பல உண்டு. தமிழ்நாட்டுக் கோயிற் சாசனங்களைப் படித்தறிந்தோர் நமக்கு அடிக்கடி எடுத்துச் சொல்லும் செய்தி ஒன்று இருக்கிறது. அக்காலத்தில் அரசனோ, அரசியோ, வணிகனோ கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டுமென்று விரும்பினால், ஒரு குடம் நெய்யைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவதில்லை. பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுத்து, அவற்றைப் பேணி நாள்தோறும் இத்தனை அளவு நெய் அளக்கும் பொறுப்பை ஊரிலுள்ள இடையர்களிடமோ சபையாரிடமோ ஒப்படைப்பார்கள். அந்த ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகாத ஆடும் மூப்படையாத ஆடும் உலகில் ஏது? இறந்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டியைச் சேர்த்து, எண்ணிக்கை குறையாமல் காத்துவர வேண்டும் என்பதே அப்பெயரின் பொருள். கொடுத்தவர் இன்னார், கொடுத்தது இவ்வளவு, ஏற்றுக்கொண்டவர் இன்னார், செய்ய வேண்டிய காரியம் இது என்பதெல்லாம் ஊரார் கண்ணில் படும்படி கல்லிலே வெட்டப்பட்டன.

இன்று அரசாங்கங்கள் தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் அளிக்கின்றன. மாதர் சங்கம், இளைஞர் மன்றம், மரம் வளர்க்கும் சங்கம், ஊனமுற்றோர் இல்லம், ஏரிப் பாசனதாரர் சங்கம் எனப் பல உருவங்களில் அந்தப் பணம் நம் கிராமங்களுக்கு வந்து சேருகிறது. அது எங்கிருந்து, எவ்வழியாக, என்ன நிபந்தனையுடன் வருகிறது என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் தெரிந்துகொள்வது அவசியம். கொடுத்த பணம் தீர்ந்த பிறகும் விளக்கு எரிகிறதா என்ற கேள்வியே இதில் முதன்மையானது. இதனைத் திருவண்ணாமலையின் அனுபவத்தைக் கொண்டு விளக்க முற்படுகிறோம்.

தொண்டு நிறுவனம் என்பது யாது?

அரசாங்க இலாகாவாகவும் இல்லாமல், இலாபம் தேடும் வியாபாரமாகவும் இல்லாமல், பொது நன்மைக்காக மக்கள் தாமாகவே கூடி அமைத்துக்கொள்ளும் சங்கமே தொண்டு நிறுவனம். இவ்வாறு மக்கள் தாமே கூடி நடத்தும் சங்கங்கள் அனைத்தையும் சேர்த்துக் குடிமைச் சமூகம் என்கிறோம். நம் மாநிலத்தில் இவை பெரும்பாலும் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி மாவட்டப் பதிவாளரிடம் பதிவு பெற்ற சங்கங்களாகவோ, பத்திரம் எழுதிப் பதிவு செய்யப்பட்ட அறக்கட்டளைகளாகவோ இருக்கின்றன. பதிவு பெற்ற சங்கம் ஆண்டுதோறும் தன் வரவு செலவுக் கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பதிவு இல்லாத குழுவுக்குச் சாதாரணமாக மானியம் கிடைப்பதில்லை.

அரசாங்கத்திடம் இலாகாக்களும் அதிகாரிகளும் இருக்கையில், சங்கங்களுக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. தொழுநோயாளியின் வீட்டுக்குள் சென்று அவர் கூச்சத்தைப் போக்கி மருந்துண்ணச் செய்வதும், குடியால் சீரழிந்த குடும்பத்தில் நம்பிக்கை ஊட்டுவதும், பெண்களை ஒன்றுகூட்டிச் சேமிக்கப் பழக்குவதும் உத்தரவு போட்டு நடத்தக்கூடிய வேலைகள் அல்ல. அருகில் வாழ்ந்து, பெயர் சொல்லி அழைக்கும் பழக்கம் உள்ளவர்களே அவற்றைச் செய்ய இயலும். அரசாங்கத்திடம் பணம் இருக்கிறது. இத்தகைய சங்கங்களிடம் நெருக்கம் இருக்கிறது. இவ்விரண்டையும் இணைப்பதே மானியத்தின் நோக்கம்.

மானியம் வளர்ந்த வரலாறு

சுதந்திர இந்தியாவில் இதற்கு ஒழுங்கான அமைப்பு 1953-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஏற்பட்டது. அப்போது மத்திய சமூக நல வாரியம் நிறுவப்பட்டு, திட்டக் கமிஷன் அங்கத்தினராயிருந்த துர்காபாய் தேஷ்முக் அதன் முதல் தலைவரானார். சென்னையில் ஆந்திர மகிளா சபையை நிறுவி வளர்த்தவர் அவர். தொண்டு ஸ்தாபனத்தின் கஷ்டம் நஷ்டம் எல்லாம் அவருக்குத் தெரியும். முதலாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் தொண்டு ஸ்தாபனங்களுக்கு உதவுவதற்கென 4 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அப்பணத்தை இலாகா நேரடியாக வழங்காமல், அதிகாரிகளும் பொதுநலத் தொண்டர்களும் சேர்ந்த வாரியத்தின் வழியாக வழங்க ஏற்பாடு செய்தது நாம் கவனிக்கத்தக்கது. பணம் கொடுப்பவரின் நிழல் தொண்டின்மீது அதிகமாக விழக் கூடாது என்பதே அதன் கருத்து. பல்லாண்டுகள் பணி செய்த அவ்வாரியம் 2022-ஆம் ஆண்டில் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. கிராமப்புறத் தொண்டு நிறுவனங்களுக்கு உதவ 1986-இல் ஏற்பட்ட 'கபார்ட்' என்னும் மத்திய நிறுவனமும் 2020-இல் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊரக வளர்ச்சி நிறுவனத்துடன் இணைக்கப்பட்டுவிட்டது. மானியம் தரும் அமைப்புகளுக்கே ஆயுள் நிச்சயம் இல்லை என்பதை இதனின்று அறிகிறோம். அவற்றையே முழுவதும் நம்பி இயங்கும் சங்கத்தின் நிலை என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நம் மாநிலத்தில் இதைவிட அழகான உதாரணம் பள்ளிக்கூட மதிய உணவுத் திட்டம். காமராஜர் முதலமைச்சராயிருந்தபோது 1956-இல் அது ஊராரின் முயற்சியாகவே ஆரம்பித்தது. அரிசியும் விறகும் காய்கறியும் ஊரிலிருந்தே வந்தன. அடுத்த ஆண்டில் அரசாங்கம் மானியம் அளிக்க முன்வந்தபோதும் முழுச் செலவையும் தானே ஏற்றுக்கொள்ளவில்லை. செலவில் நூற்றுக்கு 60 பங்கு அரசாங்கத்தினுடையது. 40 பங்கு ஊராருடையது. 1961 முதல் 'கேர்' என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனம் உணவுப் பண்டங்களை அளித்தது. அப்பண்டங்கள் அமெரிக்க அரசாங்கம் அந்நிறுவனத்தின் மூலம் வழங்கியவை. ஆக, ஒரு குழந்தையின் தட்டிலே ஊராரின் கொடையும், மாநில அரசாங்கத்தின் மானியமும், பிற நாட்டு அரசாங்கத்தின் உதவியும் ஒன்றாய் வந்து சேர்ந்தன. வெளியிலிருந்து வந்தது பெரிதாயிருந்தும், முதலில் அடுப்பை மூட்டியது ஊராரின் கை என்பதை மறத்தலாகாது.

பணம் வரும் வழிகள்

இன்று அரசாங்க உதவி சங்கங்களைச் சென்றடையும் வழிகள் பல. அவற்றை இனம் பிரித்து அறிதல் நலம்.

முதலாவது, நேர் மானியம். குறிப்பிட்ட காரியத்திற்கு, குறிப்பிட்ட காலத்திற்கு, தவணை தவணையாக வழங்கப்படும் தொகை இது. முதியோர் இல்லம், மாற்றுத் திறனாளிகளுக்கான பள்ளி முதலியவற்றுக்குக் கிடைப்பது இவ்வகை.

இரண்டாவது, செய்த வேலைக்கான தொகை. 1989-இல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் தொடங்கிய பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தின் அனுபவத்தைக் கொண்டு, 1997-98 முதல் மகளிர் திட்டம் நம் மாநிலத்தில் நடைபெறுகிறது. 12 முதல் 20 பெண்கள் வரை சேர்ந்த சுய உதவிக் குழுக்களை அமைத்துப் பயிற்சியளிக்கத் தொண்டு நிறுவனங்கள் அமர்த்தப்பட்டு, அப்பணிக்காக அவற்றுக்குத் தொகை வழங்கப்பட்டது. பின்னர் அக்குழுக்களே வளர்ந்து ஊராட்சி அளவிலே கூட்டமைப்புகளாகி, வங்கிக்குத் தாமே செல்லத் தேர்ச்சி பெற்றன. சுவர் எழும்பிய பின் சாரத்தைப் பிரிப்பதுபோல, குழு நிலைத்தபின் நிறுவனம் விலகி நிற்பது தோல்வியன்று, அதுவே வெற்றி.

மூன்றாவது, பங்கு மானியம். ஊரார் ஒரு பங்கு கொடுத்தால் அரசாங்கம் மறு பங்கைச் சேர்க்கும். 'நமக்கு நாமே' திட்டம் இவ்வகையைச் சேர்ந்தது. 2016-17-இல் குடிமராமத்து என்னும் பழைய பெயரால் ஏரி, கால்வாய்களைச் செப்பனிடும் திட்டம் 100 கோடி ரூபாயில், 1,519 பணிகளுடன் அறிவிக்கப்பட்டபோது, பாசனதாரர் சங்கங்கள் நூற்றுக்குப் பத்துப் பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

நான்காவது, பணமாக அல்லாத உதவி. நிலம் கொடுத்தல், வனத்துறையின் அனுமதியும் ஆலோசனையும் அளித்தல், நன்கொடையாளருக்கு வருமான வரியில் சலுகை தருதல் ஆகியவை கணக்கில் பெரிதாகத் தெரியாவிடினும் பெரும் பயனுடையவை.

ஐந்தாவது, வெளிநாட்டு அரசாங்கங்களின் உதவி. பல நாடுகள் தம் நாட்டுத் தொண்டு நிறுவனங்களின் மூலம் பிற நாடுகளுக்கு உதவி அனுப்புகின்றன. ஆஸ்திரேலியாவில் இதற்கென 1974 முதல் ஒரு திட்டம் உண்டு. அதன்படி அரசாங்கம் ஐந்து டாலர் கொடுத்தால், நிறுவனமும் தன் மக்களிடமிருந்து ஒரு டாலராவது திரட்டிச் சேர்க்க வேண்டும். செல்வம் மிகுந்த நாட்டிலும் பங்கு கேட்கும் வழக்கம் இருப்பதைக் காண்க. மக்கள் ஆதரவு இல்லாத நிறுவனத்திற்கு மக்களின் வரிப்பணம் போகலாகாது என்பதே அங்கும் கொள்கை.

அண்ணாமலைக்கு வந்த உதவி

இந்த ஐந்தாவது வழியாக வந்த உதவி திருவண்ணாமலையில் செய்தது என்ன என்பதை இனிப் பார்ப்போம்.

அண்ணாமலை 2,600 அடிக்கு மேல் உயர்ந்தது. அதைச் சுற்றியுள்ள கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். 1980-களில் இம்மலை பெரும்பாலும் மரமின்றி, பாறையும் புல்லுமாகக் காட்சியளித்தது. விறகுக்காக வெட்டுதலும், ஆடு மாடுகளின் மேய்ச்சலும், கோடையில் புல்லில் பற்றும் தீயும் அதற்குக் காரணங்கள். அக்காலத்தில் இங்கு ஆசிரமத்தருகே வாழ்ந்த ஆஸ்திரேலியப் பெண்மணி ஒருவர், மலையின் நிலையை விவரித்து 1987-இல் தம் நாட்டிலுள்ள மழைக்காடு தகவல் நிலையம் என்னும் சங்கத்திற்குக் கடிதம் எழுதினார். அச்சங்கத்தின் ஜான் சீட் என்பவர் முயன்று, ஆஸ்திரேலிய அரசாங்கத்தின் வெளிநாட்டு உதவி நிறுவனத்திடமிருந்து நிதி பெற்றுத் தந்தார். திருவண்ணாமலையில் அண்ணாமலைக் காடு வளர்ப்புச் சங்கம் அமைந்தது. கோயிலின் உட்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இடைப்பட்ட இடம் நாற்றங்காலுக்காக அளிக்கப்பட்டது. தெய்வ சந்நிதியின் அருகே நாற்றுகள் வளர்ந்து மலையேறின.

இந்த ஏற்பாட்டில் எத்தனை பேருடைய பங்கு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பணம் ஒரு நாட்டு அரசாங்கத்தினுடையது. அதைப் பெற்றுக்கொடுத்தது அந்நாட்டுச் சங்கம். இடம் கோயிலினுடையது. உழைப்பு உள்ளூர்ச் சங்கத்தினுடையது. இவற்றுள் எந்த ஒன்று இல்லாவிடினும் நாற்று மலையேறியிராது.

ஆனால் வெளிநாட்டு நிதி எதுவும் என்றென்றும் வருவதன்று. நாற்று நட்ட நாள் நிழற்படம் எடுக்கப்படும் நாள். அதற்குப் பிந்திய நாட்களுக்குப் படம் இல்லை. அண்ணாமலையைப் பொறுத்தவரை மரத்திற்குப் பகை தீயே. மாசி, பங்குனியில் புல் காய்ந்துவிட்டால் ஒரு தீக்குச்சி போதும். பல ஆண்டுகளின் உழைப்பு ஒரு மாலையில் கருகிவிடும். ஆகையால் தீத்தடுப்புக் கோடுகளை ஆண்டுதோறும் செதுக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். புகை கண்டவுடன் மலையேறப் பழகிய ஆட்கள் ஊரிலேயே இருக்க வேண்டும். ஆடு மேய்ப்பவரும், விறகு பொறுக்குபவரும், கிரிவலம் வரும் யாத்திரிகரும் ஒத்துழைக்க வேண்டும். பிற்காலத்தில் 'ஃபாரஸ்ட் வே' என்னும் அறக்கட்டளை முதலியவை வனத்துறையுடன் சேர்ந்து, உள்ளூர் மக்களையே வேலைக்கு வைத்து, நாற்று வளர்த்தலையும் தீயணைத்தலையும் ஆண்டுக்கு ஆண்டு செய்து வருகின்றன. இன்று மலையின் சரிவுகளில் காணும் பசுமைக்கு முதற் பணம் ஒரு காரணம். விடாத காவல் அதனினும் பெரிய காரணம். 'சாவா மூவா' என்று முன்னோர் சொன்னது இதையே அல்லவா?

இதே காலத்தில் வேறொரு முறையும் தமிழ்நாட்டில் கையாளப்பட்டது. 1997-இல் ஜப்பானிய நிதியுதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டத்தில், வனத்துறை காட்டையொட்டிய கிராமங்களில் கிராம வனக் குழுக்களை அமைத்து, அவற்றைக் கூட்டாளிகளாகக் கொண்டு வேலை செய்தது. அங்கே வந்தது கடன். அண்ணாமலைக்கு வந்தது நன்கொடை. கடனை மாநிலத்து மக்களாகிய நாம் திருப்பிச் செலுத்த வேண்டும். நன்கொடையைத் திருப்ப வேண்டியதில்லை. ஆயினும் இரண்டிலும் பணம் நின்றபிறகு காட்டைக் காப்பவர் யார் என்ற கேள்வி ஒன்றே.

இக்கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியன்று. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் கொணர்ந்த பெருமழையில், திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின்மீது விழுந்து 7 பேர் மாண்டனர். அவர்களுள் ஐவர் குழந்தைகள். ஒரு சங்கம் மரம் நட்டிருந்தால் இது நேர்ந்திராது என்று கூறுவது பொருந்தாது. அவ்வளவு மழையின்முன் மரம் மட்டும் போதாது. மலையடிவாரத்தில் எங்கே வீடு கட்டலாம், மழைநீர் எவ்வழியே இறங்கும், எந்தப் பாறை ஆபத்தானது என்று ஆராய்ந்து முடிவு செய்வது அரசாங்கத்தின் கடமை. அதை எந்தத் தொண்டு நிறுவனத்தின் தலையிலும் சுமத்த முடியாது. ஆனால் சரிவிலே தினமும் நடப்பவர் கண்ட வெடிப்பையும் அடைபட்ட ஓடையையும் அதிகாரியின் செவிக்குக் கொண்டு செல்ல, ஊரில் உயிருள்ள ஒரு சங்கம் வேண்டும். அரசாங்கம் செய்ய வேண்டியதும் சங்கம் செய்யக்கூடியதும் வெவ்வேறு என்பதையும், ஒன்றின் இடத்தை மற்றொன்று நிரப்ப முடியாது என்பதையும் அந்த இரவு நமக்குக் கடுமையாக உணர்த்தியது.

மானியத்தின் நிபந்தனைகள்

மத்திய அரசாங்கம் மானியம் வழங்கும் முறை 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் வகுக்கப்பட்டிருக்கிறது. அவற்றின் சாரத்தைச் சுருங்கக் கூறுவோம். மானியம் கேட்கும் நிறுவனம், அதே காரியத்திற்கு வேறு இலாகாவிடமோ மாநில அரசாங்கத்திடமோ பணம் பெறவில்லை என்று உறுதி கூற வேண்டும். பெற்ற பணத்தைக் குறித்த காரியத்திற்கே செலவிட வேண்டும். நிதியாண்டு முடிந்து 12 மாதங்களுக்குள் பயனீட்டுச் சான்றிதழ் தர வேண்டும். மானியப் பணத்துக்கு வங்கியில் கிடைத்த வட்டியையும் அரசாங்கத்திற்கே செலுத்த வேண்டும். மானியத்தால் உண்டான கட்டிடம், வண்டி, இயந்திரம் முதலியவற்றை அரசாங்கத்தின் முன் அனுமதியின்றி விற்கவோ வேறு காரியத்திற்குப் பயன்படுத்தவோ கூடாது. மத்திய மானியம் பெற விரும்பும் நிறுவனம் 'தர்ப்பண்' என்னும் மத்திய அரசாங்கப் பதிவேட்டில் தன் விவரங்களைப் பதிந்திருக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பணத்திற்கு இதைவிடக் கடுமையான விதிகள் உண்டு. வெளிநாட்டு அரசாங்கம் தரும் தொகையும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டு நன்கொடையே. முதற் சட்டம் 1976-இலும், அதற்குப் பதிலான சட்டம் 2010-இலும் ஏற்பட்டன. 2020-இல் செய்த திருத்தத்தின்படி, இப்பணம் முதலில் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் ஒரு கிளையில் திறக்கப்பட்ட கணக்கிற்கே வர வேண்டும். நிர்வாகச் செலவு நூற்றுக்கு 20-ஐ மிஞ்சலாகாது. பெற்ற நிறுவனம் அதைப் பிறிதொரு நிறுவனத்திற்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. பெரிய நிறுவனம் பணத்தைப் பெற்றுக் கிராமத்திலுள்ள சிறிய சங்கங்களுக்குப் பகிர்ந்தளித்த பழைய வழக்கம் இதனால் நின்றுவிட்டது. ஆகவே வெளிநாட்டு நிதி வரும் என்று ஒருவர் வாக்களித்தால், அது எந்தச் சங்கத்தின் பெயரில், எந்தக் கணக்கில் வரும் என்று கேட்டறிந்த பின்னரே ஊரார் காரியத்தில் இறங்க வேண்டும்.

இரு அபாயங்கள்

மானியத்தில் நன்மையோடு இரண்டு அபாயங்களும் உண்டு.

ஒன்று, சங்கம் ஊர் முகத்தைப் பார்ப்பதை விட்டுப் பணம் கொடுப்பவரின் முகத்தையே பார்க்கத் தொடங்குதல். இவ்வாண்டு மரத்திற்கு மானியம் என்றால் மரச் சங்கமாகவும், மறு ஆண்டு கழிப்பறைக்கு மானியம் என்றால் கழிப்பறைச் சங்கமாகவும் மாறிக்கொண்டிருப்பது தொண்டாகாது. மானியம் வாங்கியதனாலேயே அரசாங்கத்தின் குறையைச் சொல்ல வாய் திறவாதிருப்பதும் தவறு. குறையை எடுத்துச் சொல்லும் சங்கம் அரசாங்கத்திற்கு எதிரியன்று. சுவரில் ஈரம் ஊறுவதை முதலில் காண்பவர் வீட்டில் குடியிருப்பவரே. அவர் சொல்லாவிடில் வீடு விழுந்த பிறகுதான் தெரியவரும். 1953-இல் மானியத்தை இலாகாவிடம் விடாமல் வாரியத்திடம் ஒப்படைத்தவர்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர்.

மற்றொன்று, பஞ்சாயத்துக்கும் சங்கத்துக்கும் இடையே ஏற்படும் போட்டி. 1995 முதல் நீர்வடிப் பகுதி வளர்ச்சித் திட்டங்களை நிறைவேற்றத் தொண்டு நிறுவனங்களுக்கும் இடமளிக்கப்பட்டது. 2003-இல் வந்த 'ஹரியாலி' விதிகள் அப்பொறுப்பைப் பஞ்சாயத்துகளின் பக்கம் திருப்பின. தேர்ந்தெடுக்கப்பட்டவர் தாமே பொறுப்புடையவர் என்பது பஞ்சாயத்தின் வாதம். அனுபவமும் ஆட்களும் தம்மிடமே உண்டு என்பது நிறுவனத்தின் வாதம். இரண்டிலும் உண்மை உண்டு. பஞ்சாயத்து ஊர் முழுமைக்கும் பதில் சொல்ல வேண்டியது. சங்கம் தான் எடுத்துக்கொண்ட ஒரு காரியத்தை விடாமல் செய்யக்கூடியது. தேர்தலில் அங்கத்தினர் மாறினாலும் சங்கம் தொடரலாம். சங்கம் கலைந்தாலும் பஞ்சாயத்து நிலைக்கும். ஆகையால் ஒன்றையொன்று விலக்காமல், காரியத்தை எழுத்திலே பிரித்துக்கொள்வதே விவேகம்.

கிராம சபையில் கேட்க வேண்டியவை

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தம் ஊரில் அரசாங்கப் பணத்தால் வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தை இக்கூட்டங்களுள் ஒன்றுக்கு மரியாதையுடன் அழைத்து ஐந்து விஷயங்களைக் கேட்டறியலாம்.

எந்த அரசாங்கத்தின், எந்தத் திட்டத்தின் பணம் இது? நம் ஊருக்கென வந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு? ஊராரின் பங்கு என்ன, அது எந்தக் கணக்கில் சேர்ந்தது? இதனால் உண்டான சொத்து யார் பெயரில் இருக்கிறது? மானியம் நின்ற மறு ஆண்டு இதைக் காப்பவர் யார், அதற்கு ஆகும் செலவு எங்கிருந்து வரும்?

இவற்றுக்கு விடையளிப்பது நல்ல நிறுவனத்திற்குப் பாரமாகத் தோன்றாது. தன் பணியை ஊரறியச் செய்யும் வாய்ப்பாகவே தோன்றும். விடை கிடைக்காத இடத்தில் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் துணை நிற்கிறது. அரசாங்கத்திடமிருந்து கணிசமான நிதி பெறும் தொண்டு நிறுவனமும் இச்சட்டத்திற்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்துள்ளது. நிறுவனத்திற்குக் கணிசமான நிதி வராதபோதும், மானியம் வழங்கிய இலாகாவிடம் அதன் விவரத்தைக் கேட்கலாம்.

கேட்பதில் ஒரு பண்பு வேண்டும். சிலர் தொண்டு நிறுவனம் என்றாலே பணம் சுருட்டுவோர் என்று பேசுகின்றனர். வேறு சிலர் தொண்டர் என்றவுடன் கணக்குக் கேட்பதே பாவம் என்று எண்ணுகின்றனர். இவ்விரண்டும் ஊருக்குக் கேடு. சந்தேகத்தால் நல்லவர்கள் மனமுடைந்து விலகுவர். கண்மூடித்தனத்தால் தீயவர்கள் துணிந்து நுழைவர். கணக்கைக் கேட்பதும், சரியான கணக்கு வந்தபின் அவர்களைச் சபையிலே பாராட்டுவதும் ஒருங்கே நடைபெற வேண்டும்.

மானியம் என்பது தானமன்று. ஒரு சோப்புக்கட்டி வாங்கும் கூலியாளும் அதற்கு வரி செலுத்துகிறார். அந்த வரியே பல கை மாறி மானியமாகத் திரும்பி வருகிறது. அது வெளிநாட்டிலிருந்து வந்தாலும், அந்நாட்டு உழைப்பாளி செலுத்திய வரியே. யாரோ கொடுத்த பணம் என்று நாம் விட்டேற்றியாக இருந்தால் நாற்று கருகும், கட்டிடம் பாழாகும், சங்கத்தின் பலகை மட்டும் துருப்பிடித்து நிற்கும். நம் பணம் என்று கருதிக் காத்தால், அண்ணாமலையின் சரிவிலே தழைத்த மரங்களைப்போல அது ஆண்டுக்கு ஆண்டு பெருகும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் முன்னோர் கல்லிலே வெட்டியதை நாம் ஒரு பலகையிலாவது எழுதலாம். கொடுத்தவர், தொகை, ஏற்றவர், காரியம், காவல் பொறுப்பு ஆகிய ஐந்தையும் தெளிவாக எழுதி, வேலை நடக்கும் இடத்திலே நட்டு வையுங்கள். அதில் ஐந்தாவது வரிக்கு எழுதப் பெயர் இல்லையெனில், பணத்தைப் பெறுமுன் அந்தப் பெயரைத் தேடுங்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனைச் சேர்த்துக்கொள்வீர்களென நம்புகிறோம்.